எந்தக் கிட்டார் நீண்ட காலம் உழைக்கும்? மரமும் கார்பன் இழையும்

அக்கூஸ்டிக் கிட்டார், அதாவது மின்சாரத்தின் துணையின்றித் தன் பெட்டியின் அதிர்வாலேயே ஒலிக்கும் கிட்டார், வெளிப்பார்வைக்குச் சுவரோரம் சாய்ந்து ஓய்வெடுக்கும் பொருளாகத் தோன்றினாலும், தந்தி பூட்டப்பட்ட நாளிலிருந்து ஒரு நொடிகூட ஓய்வறியாத கருவியாகும். ஆறு எஃகுத் தந்திகளையும் அவற்றுக்குரிய சுருதியில் நிறுத்தினால், அவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் கருவியின் இரு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவர் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமமான இந்தச் சுமையைத் தாங்கும் மேற்பலகையின் தடிமன் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. பலகை தடித்திருந்தால் சுமையை எளிதில் தாங்கும், ஆனால் அதிர மறுக்கும். மெலிந்திருந்தால் அழகாக அதிரும், ஆனால் நாளடைவில் வளைந்துபோகும். ஒலிக்கும் உறுதிக்கும் நடுவே கருவி செய்பவர் கண்டடையும் அந்த மெல்லிய எல்லையில்தான் ஒவ்வொரு நல்ல கிட்டாரும் வாழ்கிறது.

அந்த எல்லையில் நிற்கும் கருவி எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்வி, கார்பன் இழையால் செய்த கிட்டார்கள் சந்தைக்கு வந்த பிறகு புதிய வேகத்துடன் எழுந்திருக்கிறது. மரம் வெடிக்கும், கார்பன் வெடிக்காது என்ற ஒற்றை வரியோடு இந்தப் பேச்சு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பொருள் நீண்ட காலம் உழைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன என்பதை அந்த வரி மறைத்துவிடுகிறது. சூழல் எப்படி மாறினாலும் தான் மாறாமல் இருப்பது முதல் வழி. மாறினாலும், பழுதுபட்டாலும், தேர்ந்த கையால் மீண்டும் பழைய நிலைக்கு வருவது இரண்டாவது வழி. கார்பன் இழை முதல் வழியில் செல்கிறது, மரம் இரண்டாவது வழியில் செல்கிறது என்பதையும், எது சிறந்தது என்பதைப் பொருளின் வலிமையைக் காட்டிலும் அது வாழப்போகும் இடமும் அதைப் பேணப்போகும் மனிதர்களும்தான் முடிவு செய்கிறார்கள் என்பதையும் விரிவாகக் காண்பது பயனுடையது.

மரம் ஏன் அசைகிறது

வெட்டி, அறுத்து, உலர்த்தி, பூச்சுப் பூசிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. அதன் செல் சுவர்கள் நீர் மூலக்கூறுகளை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், சுற்றியுள்ள காற்று ஈரமானால் மரம் நீரை உள்வாங்கிப் பருக்கிறது, காற்று உலர்ந்தால் நீரை இழந்து சுருங்குகிறது. காற்றில் உள்ள ஈரம், அந்த வெப்பநிலையில் அது தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை விழுக்காடு என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள அறையில் நீண்ட நாள் இருந்த மரத்துண்டில், மரத்தின் உலர் எடையில் சுமார் 9 விழுக்காடு நீர் இருக்கும். அதே அறையின் ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கு இறங்கினால் மரத்தின் நீரும் 5 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நிகழ்ந்தால் பெரிய தொல்லை இல்லை. மரத்தின் நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அற்பமானது. குறுக்குவாக்கிலோ அது பல மடங்கு பெரியது. கிட்டாரின் மேற்பலகைக்குப் பெரிதும் பயன்படும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், ஆண்டு வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்கப்படும்போது, தன் நீரில் 1 விழுக்காட்டை இழக்கும் ஒவ்வொரு முறையும் அகலத்தில் சுமார் 0.15 விழுக்காடு சுருங்குகிறது. டிரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட கிட்டாரின் மிக அகன்ற பகுதி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். மேலே சொன்ன அறையில் இந்தக் கிட்டார் நீண்ட நாள் இருந்தால், கணக்குப்படி அதன் மேற்பலகை 2 மில்லிமீட்டருக்கும் மேல் குறுக முயலும்.

இரண்டு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பலகைக்குக் குறுகும் சுதந்திரம் இல்லை என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பலகையின் விளிம்பு முழுவதும் பக்கச் சுவர்களோடு ஒட்டப்பட்டிருக்கிறது. உட்புறத்தில், பலகை வளையாமல் இருப்பதற்காக அதன் நாரைக் குறுக்கே கடக்கும்படி தாங்குச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, இந்தச் சட்டங்களோ தம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. சுருங்கத் துடிக்கும் பலகையும் சுருங்க மறுக்கும் சட்டமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட நிலையில், இழுபறி ஒரு கட்டத்தைத் தாண்டும்போது மரம் தன் நாரின் வழியே பிளந்துகொள்கிறது. தேர்ந்த கருவியாளர்கள் இதை முன்னரே எண்ணி, மேற்பலகையை முற்றிலும் தட்டையாக வைக்காமல் மிக இலேசான கவிப்புடன் அமைக்கிறார்கள். சுருங்கும் மரம் முதலில் அந்தக் கவிப்பை இழந்து தட்டையாகும், அதற்குப் பிறகே வெடிக்கும்.

வெடிப்புக்கு முன் கருவி எச்சரிக்கைகளைத் தருகிறது என்பதைக் கவனித்துப் பழகியவர்கள் அறிவார்கள். கழுத்தின் மேல் ஒட்டிய கருங்காலி அல்லது ஈட்டிப் பலகை குறுகிவிட, அதில் பதிக்கப்பட்ட, ஃபிரெட்டுகள் எனப்படும் உலோகக் குறுக்குக் கம்பிகள் தம் நீளத்தில் மாறாமல் இருப்பதால், அவற்றின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். கழுத்தின் ஓரமாக விரலை மேலும் கீழும் ஓட்டினால் சிறிய அரம் உரசுவது போன்ற உணர்வு கிடைக்கும். மேற்பலகை தாழ்ந்துவிடுவதால் தந்திகள் ஃபிரெட்டுகளில் பட்டுச் சலசலக்கும். மழைக்காலத்தில் இதற்கு நேரெதிராக, பலகை பருத்து வயிறு தள்ளி, தந்திகள் உயர்ந்து, விரல்கள் வலிக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் சுரம் பேசும். ஒட்டுகளும் தளரத் தொடங்கும். 1833ஆம் ஆண்டிலிருந்து கிட்டார் செய்துவரும் அமெரிக்க நிறுவனமான மார்ட்டின், தன் கருவிகளை 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும்படி அறிவுறுத்துவதன் காரணம் இதுவே.

சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் இந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அங்கே வெளிக்காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது; ஏசி ஓடும் அறையிலோ ஈரம் இறங்குகிறது, மின்சாரம் நின்றதும் மீண்டும் ஏறுகிறது. நிலையான ஈரத்துக்கு மரம் காலப்போக்கில் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் ஈரம்தான் அதைச் சோர்வடையச் செய்கிறது. ஆகவே, உறைக்குள் ஈரமானி ஒன்றை வைத்து, வாசித்து முடித்ததும் கருவியை உறைக்குள் மூடிவைப்பது இத்தகைய ஊர்களில் மரக் கிட்டாரைக் காக்கும் மிகச் சிக்கனமான வழியாகும்.

சுமையும் காலமும்

ஈரத்துக்கு அடுத்தபடியாக மரத்தை மாற்றுவது தொடர்ந்த சுமை. புத்தகங்களால் நிரம்பிய மர அலமாரியின் தட்டு ஆண்டுகள் செல்லச் செல்ல நடுவில் தொய்ந்துபோவதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஒரே சுமை, உடைக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லாதபோதும், காலத்தின் துணையோடு பொருளை மெல்ல உருமாற்றும் இந்த நிகழ்வைப் பொறியியலில் தவழ்தல் என்பார்கள். ஈரம் ஏறி இறங்கும் சூழலில் மரத்தின் தவழ்தல் பல மடங்கு வேகமடைகிறது என்பதால், ஈரமும் சுமையும் தனித்தனி எதிரிகளாக இல்லாமல் கைகோத்தே வேலை செய்கின்றன. கிட்டாரில் இதன் விளைவு இரண்டு இடங்களில் தெரிகிறது: தந்திகள் கட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை புடைக்கிறது, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் கழுத்து முன்னோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேர்ந்து, ஆக்‌ஷன் எனப்படும் தந்தி உயரத்தைக் கூட்டிவிடுகின்றன.

கழுத்து தன் நீளத்தில் வில்லாக வளைவதைச் சரிசெய்ய அதனுள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி உதவுகிறது. கழுத்து உடலோடு சேரும் கோணம் மாறிவிட்டாலோ அந்தக் கம்பியால் பயனில்லை. கழுத்தையே கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். பழைய மரபில் செய்த கிட்டாரில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் மரத்தின் முழு இயல்பும் விளங்கும். பதினான்காம் ஃபிரெட்டில் கழுத்து உடலோடு சேரும் கருவியாக இருந்தால், பழுதுபார்ப்பவர் பதினைந்தாம் ஃபிரெட்டைச் சூடாக்கி மெதுவாகப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தின் வழியே, புறாவால் வடிவில் செதுக்கிய மூட்டின் இடைவெளிக்குள் இறங்கும்படி மிகச் சிறிய துளை ஒன்றை இடுகிறார். அந்தத் துளையில் ஊசிக்குழாயைச் செருகி நீராவியைச் செலுத்தும்போது, பல பத்தாண்டுகளுக்கு முன் பூசிய பசை இளகி, மரநீரும் பசையும் கலந்த பழுப்புத் திரவம் மூட்டின் ஓரம் கசிய, கழுத்து ஒரு சிறு முனகலோடு விடுபடுகிறது. பிறகு கழுத்தின் அடிக்கட்டையிலிருந்து தாள் கனத்துக்கு மரத்தைச் சீவி, கோணத்தைத் திருத்தி, மீண்டும் பசையிட்டுப் பொருத்துகிறார். பதினைந்தாம் ஃபிரெட் தன் இடத்துக்குத் திரும்பியதும் துளை மறைந்துவிடுகிறது.

இவ்வளவும் சாத்தியமாவதற்குக் காரணம், பழைய கருவிகளில் பயன்பட்ட வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகிக்கொடுக்கும் தன்மையுடையது என்பதே. வெயிலில் நின்ற காருக்குள் கருவியைக் கைவிட்டால் பிரிட்ஜைப் பிய்த்தெடுக்கும் அதே பலவீனம்தான், தேவைப்படும் நாளில் கருவியைச் சேதமின்றிப் பிரித்துத் திருத்தும் வழியாகவும் அமைகிறது. தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்த உண்மை இது: பிரிக்கக்கூடிய மூட்டே நீண்ட காலம் வாழும் மூட்டு.

கார்பன் இழை என்பது என்ன

கார்பன் இழை என்ற பெயரைக் கேட்டதும் அது ஒரே பொருள் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையை முதலில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தி, அதன் பின் காற்றில்லாத உலையில் 1000 டிகிரிக்கும் மேல் சூடாக்கினால், மற்ற அணுக்கள் பெரும்பாலும் வெளியேறிவிட, கார்பன் அணுக்கள் இழையின் நீளவாக்கில் அடுக்கப்பட்ட கரிய நூல் எஞ்சுகிறது. ஒவ்வோர் இழையின் விட்டமும் 5 முதல் 7 மைக்ரோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடி அதைவிடச் சுமார் பத்து மடங்கு தடித்தது. இந்த முறைக்கு 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானின் ஒசாகாவில் அக்கியோ ஷிண்டோ அடித்தளமிட்டார். விமானத்துக்கும் விண்கலத்துக்கும் பந்தயப் படகுக்கும் பயன்பட்ட இந்தப் பொருள், அங்கிருந்தே இசைக்கருவிக்கும் வந்து சேர்ந்தது.

இழைகளைத் துணியாக நெய்தோ, ஒரே திசையில் அடுக்கியோ, எபாக்சி என்ற பிசினில் தோய்த்து, அச்சுக்குள் படலம் படலமாக விரித்து, காற்றை உறிஞ்சியெடுத்து, சூட்டில் இறுகவைத்தால் ஓர் ஓடு கிடைக்கிறது. மரத்தில் நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை இயற்கை முடிவு செய்துவிட்டது. இந்த ஓட்டிலோ, எந்தப் படலம் எந்தத் திசையில் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைச் செய்பவரே முடிவு செய்கிறார். அதனால் சில கார்பன் கிட்டார்களில் மேற்பலகைக்குள் தாங்குச் சட்டமே கிடையாது. சட்டம் செய்ய வேண்டிய வேலையைப் படலங்களின் அடுக்கே செய்துவிடுகிறது.

இந்தக் கருவிகள் திடீரென்று பிறந்துவிடவில்லை. ஹெலிகாப்டர் தயாரிப்பாளரும் கிட்டார் வாசிப்பவருமான சார்லஸ் காமன், 1966இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓவேஷன் நிறுவனத்தைத் தொடங்கி, மர மேற்பலகைக்குப் பின்னால் கண்ணாடியிழைக் கூட்டுப்பொருளாலான வளைந்த கிண்ணத்தைப் பொருத்தினார். 1970களில் அதே நிறுவனத்தின் அடமாஸ் கிட்டார், மெல்லிய பிர்ச் மரத் தாளின் இருபுறமும் கார்பன் படலங்களை ஒட்டிய மேற்பலகையுடன் வந்தது. முழு உடலையும் கார்பனாக்கும் முயற்சியை 1990களில் முன்னெடுத்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஹவாயின் மாவி தீவில் வாழ்ந்த இயற்பியலாளர் ஜான் டெக்கர். மழையும் உப்புக்காற்றும் ஓயாத அந்தத் தீவில், நனைந்தாலும் கெடாத கிட்டார் வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ரெயின்சாங். பின்னர் லூசியானாவில் விண்வெளிப் பொறியாளரான எல்லிஸ் சீல் காம்போசிட் அக்கூஸ்டிக்ஸ் நிறுவனத்தையும், அயர்லாந்தின் டொனகாலில் அலிஸ்டர் ஹே எமரால்ட் நிறுவனத்தையும் நிறுவினார்கள். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் செல்லோ கலைஞர் லூயிஸ் லெகியா தன் பாய்மரப் படகின் ஓடு அலைகளில் எழுப்பிய ஒலியைக் கேட்டுக் கார்பன் செல்லோவை உருவாக்கினார் என்பதும் இந்த வரலாற்றோடு சேர்ந்ததே. இவர்களில் பலர் கடலையோ வானத்தையோ ஒட்டி வேலை செய்தவர்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஈரத்தையும் காற்றையும் அன்றாடம் எதிர்கொண்டவர்களுக்கே மரத்துக்கு மாற்றுத் தேடும் தேவை முதலில் எழுந்தது.

கார்பன் எங்கே வெல்கிறது

ஈரம் என்ற அளவுகோலில் இரண்டு பொருள்களையும் ஒப்பிடவே தேவையில்லை. கார்பன் இழை நீரை ஏற்பதில்லை. அதைச் சூழ்ந்த எபாக்சி மிகச் சிறிய அளவில் ஏற்றாலும், அதனால் கருவியின் அளவுகளில் வாசிப்பவர் உணரக்கூடிய மாற்றம் வருவதில்லை. கடற்கரை மேடையிலும், பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையிலும், விமானத்தின் சரக்கு அறையிலும் அதன் மேற்பலகை ஒரே வடிவில் இருக்கிறது. ஈரமூட்டி தேவையில்லை, பருவத்துக்கு ஒருமுறை டிரஸ் ராடைத் திருக வேண்டியதில்லை, தந்தி உயரம் ஜூன் மாதத்தில் எப்படி இருந்ததோ டிசம்பரிலும் அப்படியே இருக்கிறது.

சுமையைத் தாங்குவதிலும் அதன் கை ஓங்கியே இருக்கிறது. ஸ்ப்ரூஸ் நாரின் நீளவாக்கில் கொண்டுள்ள விறைப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான விறைப்பை ஒரே திசையில் அடுக்கிய கார்பன் கூட்டுப்பொருள் தருகிறது. சரியாக இறுகவைத்த ஓட்டில் தவழ்தல் மிகக் குறைவு என்பதால், பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளுவதும், கழுத்துக் கோணம் சரிவதும் அதன் வாழ்வில் அரிதான நிகழ்வுகள். மேசை முனையில் இடித்தால் மரத்தில் பள்ளம் விழும் இடத்தில் கார்பனில் பூச்சு மட்டுமே கீறலுறும் வாய்ப்பு அதிகம். நாள்தோறும் பேருந்திலும் ரயிலிலும் கிட்டாரைத் தோளில் சுமந்து செல்லும் கலைஞருக்கு, கருவியைப் பற்றிய கவலையிலிருந்து கிடைக்கும் இந்த விடுதலை சிறிய செய்தியன்று. கவலை குறைந்த கை அடிக்கடி வாசிக்கும், அடிக்கடி வாசிக்கும் கை வளரும்.

இந்த நன்மையை மரக் கருவியாளர்களும் மறுக்கவில்லை. மரக் கழுத்தினுள் டிரஸ் ராடின் இருபுறமும் மெல்லிய கார்பன் பட்டைகளைப் புதைத்து வைப்பது இன்று பல பட்டறைகளில் வழக்கமாகியிருக்கிறது. மரத்தின் குரலை விடாமல், மரத்தின் தளர்ச்சியை மட்டும் கட்டுப்படுத்தும் இந்த முறை, இரண்டு உலகங்களும் எதிரெதிரே நிற்க வேண்டியவை என்ற எண்ணத்தைக் கைவிடச் செய்கிறது.

கார்பனின் எல்லைகள்

ஆனால் கார்பன் அழியாதது என்ற சொல், கேட்பவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். அதன் முதல் எல்லை வெப்பம். இழை மிகுந்த சூட்டையும் தாங்கும். அதைப் பிடித்துவைத்திருக்கும் எபாக்சி அப்படியில்லை. ஒவ்வோர் எபாக்சிக்கும், அதைத் தாண்டினால் கண்ணாடி போன்ற விறைப்பை இழந்து ரப்பரைப் போல இளகத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அறை வெப்பநிலையில் இறுகவைத்த எபாக்சிகளில் பலவற்றுக்கு அது 60 முதல் 80 டிகிரிக்குள் அமையும். உலையில் இறுகவைத்தவற்றுக்கு 100 டிகிரியைத் தாண்டிச் செல்லும். கோடை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியை எட்டக்கூடும் என்பதால், கார்பன் கிட்டாரையும் அங்கே மறந்துவிட்டுப் போவது அறிவுடைமையாகாது. மேலும், உடல் அசையாவிட்டாலும் எஃகுத் தந்திகள் சூட்டில் நீளும். ஆகவே வெயில் மேடையில் சுருதி இறங்குவதைக் கார்பன் உடல் தடுத்துவிட முடியாது. புற ஊதாக் கதிர்கள் எபாக்சியை மெல்லச் சிதைப்பதால் மேற்பூச்சின் காவலும் தேவைப்படுகிறது.

இரண்டாவது எல்லை, அது உடையும் விதம். மரம் அடிபட்டால் பள்ளமோ பிளவோ கண்ணுக்குத் தெரிகிறது. கார்பன் ஓடோ குறிப்பிட்ட அளவுவரை எதையும் காட்டிக்கொள்ளாமல் தாங்கி, அந்த அளவைத் தாண்டியதும் வளையாமல் முறிகிறது. சில வேளைகளில் மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்க, உள்ளே படலங்கள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடுகின்றன. விமானப் பாகங்களில் இத்தகைய மறைந்த பிளவைத் தேடுபவர்கள் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ ஓட்டை மெல்லத் தட்டிக்கொண்டே செல்வார்கள். நலமான இடம் தெளிவாக ஒலிக்கும், படலம் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்ப்ரூஸ் பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்து விரல் மடக்கால் தட்டி, அது கிட்டாராகத் தகுதியுள்ளதா என்று தேர்ந்தெடுக்கும் கருவியாளரின் செயலும் இதுவே என்பது மனத்தைத் தொடும் ஒற்றுமை. இரண்டு பொருள்களும் தம் நலத்தை ஒலியால்தான் சொல்கின்றன.

மூன்றாவது எல்லைதான் மிக முக்கியமானது: திருத்துவதற்கு அது தரும் இடம் குறைவு. உடலும் கழுத்தும் ஒரே வார்ப்பாக உள்ள கருவியில் கழுத்துக் கோணம் அச்சிலேயே முடிவாகிவிடுகிறது; பின்னாளில் அதை மாற்ற வேண்டுமென்றால், தந்திகளை உடல் முனையில் தாங்கும் சேடில் என்ற சிறு பட்டையை உயர்த்துவதோ தாழ்த்துவதோ தவிர வழியில்லை. உடைந்த இடத்தில் புதிய கார்பன் துணியை எபாக்சியோடு படியவைத்துத் தேய்த்துச் சமன்செய்யலாம்; ஆனால் அந்த வேலையை அறிந்தவர் படகுப் பட்டறையிலோ மிதிவண்டிப் பட்டறையிலோ கிடைப்பாரே தவிர, ஊரிலுள்ள கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் அதற்கான கருவிகள் இருப்பது அரிது. சில நிறுவனங்கள் கழுத்தைப் போல்ட்டால் பூட்டும் முறைக்குச் செல்வது இந்தக் குறையை உணர்ந்தே.

நான்காவதாக, எந்தப் பொருளில் செய்தாலும் தேயும் பாகங்கள் தேய்ந்தே தீரும். ஃபிரெட்டுகள் தந்தியின் உரசலால் பள்ளமாகும், சுருதித் திருகிகளின் பல்சக்கரம் தளரும், மின்னொலி பிக்கப் பழுதாகும். நாள்தோறும் வாசிப்பவருக்கு முதலில் வரும் செலவு பெரும்பாலும் இந்தப் பாகங்களில்தான் வரும். அங்கே மரத்துக்கும் கார்பனுக்கும் வேறுபாடு இல்லை.

துளை விழுந்த பின்னும் பாடும் கிட்டார்

மீண்டு வருவதால் உழைப்பது என்றால் என்ன என்பதற்கு, அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ட்ரிக்கர் என்ற கிட்டாரைவிடத் தெளிவான சான்று இல்லை. மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 என்ற இந்த நைலான் தந்திக் கிட்டாரை அவர் 1969இல் வாங்கினார். பிக் எனப்படும் மீட்டுவில்லையைக் கொண்டு வாசிப்பதற்காகச் செய்யப்படாத அதன் மேற்பலகையை, அவர் பிக்கைக் கொண்டே வாசித்து வாசித்து, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இன்னொரு பெரிய துளையை உண்டாக்கிவிட்டார். பலரின் கையெழுத்துகளும், பல்லாயிரம் மேடைகளின் கீறல்களும் சூழ்ந்த அந்தத் துளையுடன் அது அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் மரத்தின் வலிமை மட்டுமா? டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் மார்க் எர்லெவைன் என்ற கருவியாளர் பல ஆண்டுகளாக அதைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்துவருவதே முதன்மையான காரணம்.

பிளவுபட்ட பலகையைச் சீர்செய்யும் முறையில் இந்த மீட்சியின் நுட்பம் அடங்கியிருக்கிறது. முதலில் கருவியைச் சில நாள் ஈரக்காற்றில் வைத்தால் மரம் பருத்து, பிளவின் இரு உதடுகளும் தாமாகவே நெருங்கிவரும். பிறகு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பசையை விரலால் தேய்த்துப் பிளவுக்குள் இறக்கி, உட்புறத்தில் பிளவைக் குறுக்கே கடக்கும்படி விரல்நக அளவுள்ள ஸ்ப்ரூஸ் சில்லுகளை வரிசையாக ஒட்டிப் பிடிப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் அந்த இடம் முன்பைவிட உறுதியாக இருக்கும். மரத்துக்கு மரமே மருந்தாகிறது. அதே மரம், அதே பசை, அதே கை.

அந்தக் கை தொடர்ந்து கிடைத்தால் மரத்தின் ஆயுளுக்கு எல்லை காண்பது கடினம். வயலின்களுக்குப் புகழ்பெற்ற அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1679இல் செய்த சபியோனாரி என்ற கிட்டார், பல திருத்தங்களைக் கண்டு, இன்றும் கச்சேரியில் வாசிக்கப்படும் நிலையில் உள்ளது. நவீன கிட்டாரின் வடிவத்துக்கு அடித்தளமிட்ட ஸ்பெயின் நாட்டின் அன்டோனியோ டி டோரஸ் 1892இல் இறந்தார். அவர் செய்த கருவிகளும் இன்னும் ஒலிக்கின்றன. முழுக் கார்பன் கிட்டாருக்கோ வயது முப்பதை ஒட்டியே ஆகிறது. அதன் உறுதியை ஆய்வகமும் பொறியியல் கணக்கும் சொல்கின்றன. மரத்தின் உறுதியை மூன்று நூற்றாண்டுகள் சொல்கின்றன. இரண்டையும் மதிக்க வேண்டும், ஆனால் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

காட்டின் கணக்கு

கருவி எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்பவர், அது எடுத்துக்கொள்ளும் மரம் எத்தனை காலம் வளர்ந்தது என்பதையும் கேட்பதே முறை. கிட்டாரின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் பயன்பட்டது. அந்த மரக்கட்டைகளின் ஏற்றுமதியை அந்நாடு 1960களின் இறுதியில் கட்டுப்படுத்தியதும், மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வளரும் ஈட்டி மரமே இது; உலகெங்கும் பெருமையோடு வாசிக்கப்படும் கிட்டார்கள் பலவற்றின் முதுகுப்பலகை நம் மலைகளின் மழையைக் குடித்து வளர்ந்தது. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்தது. 2017 ஜனவரியில், ஈட்டியும் அடங்கிய டல்பெர்ஜியா பேரினத்தின் மற்ற மரங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலில் வந்தபோது, ஈட்டிப் பலகை கொண்ட கிட்டாரை எல்லை கடந்து விற்கவும் அனுமதிச்சீட்டுத் தேவைப்பட்டது. 2019 நவம்பரில்தான் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது.

கார்பன் கிட்டாருக்கு இந்தச் சீட்டுகள் எதுவும் வேண்டியதில்லை, அதற்காக எந்த மரமும் விழுவதில்லை. அதே நேரத்தில், ஆயிரம் டிகிரி உலைகள் குடிக்கும் ஆற்றலையும், இறுகிய எபாக்சியை மீண்டும் உருக்கி வேறு பொருளாக்க முடியாது என்பதையும் தட்டின் மறுபுறம் வைத்தே எடைபோட வேண்டும். உடைந்த மரக் கிட்டாரின் கழுத்து வேறொரு கருவிக்கு உதவும், எதற்கும் உதவாத சில்லு மண்ணோடு கலந்துவிடும். உடைந்த கார்பன் ஓடு அப்படி எளிதில் எங்கும் போவதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் பிளாக்பேர்ட் நிறுவனம் கார்பனுக்குப் பதிலாக ஆளிச் செடியின் நாரைக் கொண்டு கூட்டுப்பொருள் கிட்டார்களைச் செய்திருப்பது, இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவே வழி தேடும் நல்ல முயற்சியாகும்.

யாருக்கு எது

இதுவரை கண்டவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், கிட்டாரின் ஆயுள் என்பது பொருளுக்குள் மட்டுமே அடைபட்டிருக்கும் பண்பு இல்லை என்பது விளங்குகிறது. கார்பன் கிட்டாரில் அந்த ஆயுளைத் தொழிற்சாலையிலேயே மொத்தமாகச் சேர்த்துவைத்து விற்கிறார்கள். வாங்கியவர் அதை மெல்லச் செலவிடுகிறார், கூட்டுவதற்கு அவர் செய்யக்கூடியது குறைவு. மரக் கிட்டாரில் தொழிற்சாலை தருவது தொடக்கம் மட்டுமே. உறைக்குள் மூடிவைக்கும் பழக்கமும், ஈரமானியைப் பார்க்கும் கண்ணும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படக்கூடிய பழுதுபார்ப்பவரின் கையும் அதன் ஆயுளை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போகின்றன.

ஆகவே, கடலோர ஊரில் வாழ்பவர், ஓயாமல் பயணம் செய்பவர், திறந்தவெளி மேடைகளில் வாசிப்பவர், அருகில் தேர்ந்த பழுதுபார்ப்பவர் இல்லாதவர் ஆகியோருக்குக் கார்பன் இழைக் கிட்டார் உண்மையான துணை. அவர்கள் அதைத் தயக்கமின்றி நாடலாம், வாங்கும் முன் கழுத்துக் கோணத்தையும் தந்தி உயரத்தையும் மட்டும் மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் திருத்த இடம் குறைவு. ஒரே இடத்தில் தங்கி, கருவியைப் பேணப் பொறுமையும் நம்பகமான பட்டறையும் உள்ளவருக்கு மரக் கிட்டார் அவருடைய ஆயுளையும் தாண்டி உழைக்கும். வசதி குறைந்த மாணவருக்கோ, முழுப்பலகைக்குப் பதிலாக நார்த்திசை மாற்றி ஒட்டிய மரத்தாள்களால் செய்த சாதாரண லேமினேட் கிட்டார் எளிதில் வெடிக்காமல் பல ஆண்டுகள் துணை நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும், ஊரில் கிட்டார் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் தொழிலில் நிலைத்திருப்பது அந்த ஊரின் எல்லாக் கிட்டார்களுக்கும் நல்லது. அவர் ஃபிரெட்டைத் தேய்த்துச் சமன்செய்கிறார், சேடிலை அரத்தால் சீவுகிறார், மரத்தின் பிளவை மூடுகிறார். நாளை கார்பன் படலத்தைத் தட்டிக் கேட்கவும் அவரே கற்றுக்கொள்வார். கிட்டாருக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்கை ஆண்டுக்கு ஒருமுறை அவருடைய பட்டறைக்குக் கொண்டுசெல்பவர், தன் கருவியின் ஆயுளோடு அந்தத் தொழிலின் ஆயுளையும் நீட்டிக்கிறார்.